குலிஸ்தான் தோட்டத்துக் கொடி

1917-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் நடுவில், சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த பெண்ட்லண்டு பிரபு, உதகமண்டலத்துக் கோடைவாசத்தை இடையிலே நிறுத்திக்கொண்டு, மலையிலிருந்து இறங்கிச் சென்னைக்கு வந்தார். 69 வயது நிரம்பிய ஒரு பெண்மணியை நேரில் காண்பதற்காகவே அவர் வந்தார். அந்தப் பெண்மணி இனிப் பொதுக்கூட்டத்தில் பேசக்கூடாது, எதையும் எழுதிப் பிரசுரிக்கக்கூடாது, ராஜாங்கம் குறிப்பிடும் சில இடங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அவ்விடத்தை விட்டு அகலாமல் இருக்க வேண்டும் என்று, யுத்த காலத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உத்தரவு ஒன்று சித்தமாகியிருந்தது. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது என்று அவர் வினவியபோது அதை விவாதிக்க இயலாது என்பதே கவர்னரின் மறுமொழியாக இருந்தது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். ராஜாங்கம் நீட்டிய ஜாபிதாவிலே நீலகிரியும் இருந்தது. அன்னி பெசண்டு அம்மையார் நீலகிரியைத் தேர்ந்தார். அவருடன் ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா ஆகிய இருவரும் அதே உத்தரவினால் மலையேறினர்.

எந்த மலையிலிருந்து கவர்னர் இறங்கி வந்தாரோ அதே மலைக்கு அவருடைய கைதிகள் ஏறிச் சென்ற இந்தச் சம்பவத்தை நம் சரித்திர நூல்கள் சுய ஆட்சி கோரிய ஹோம் ரூல் கிளர்ச்சியின் ஒரு கிளைக்கதையாக இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆனால் அந்த இயக்கம் எதைக் கேட்டது என்பதையும், கேட்கப்பட்டவர்கள் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் உணர விரும்புகிறவன் அந்த மூன்று மாத காலத்தை உதகையிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில், ஆளப்படுகிறவர்களுக்கும் ஆளுகிறவர்களுக்கும் நடுவே இருந்த தொலைவு இந்த ராஜதானியில் உவமையாக நிற்கவில்லை; மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே, பல்சக்கரத் தண்டவாளத்தின்மேல் மூச்சிரைக்க ஏறும் ஒரு சிறு ரயிலினால் தினந்தோறும் அளக்கப்பட்ட உண்மையான தொலைவாகவே அது இருந்தது.

அந்தத் தொலைவு நூறாண்டுக் காலத்தில் சிறிது சிறிதாக உண்டானது. 1799-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின் நீலகிரி கும்பெனியாரின் கைக்கு வந்தது. ஆயினும் இருபது ஆண்டுக் காலம் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1819 ஜனவரியில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் முதலில் தங்கி, பின்னர்த் தோதவர்களின் மேய்ச்சல் வெளியாகக் கிடந்த உதகைப் பள்ளத்தாக்குக்குச் சென்று, 1822-இல் அங்கே ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். தோதவரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலையில் நிலம் பெற்றவர் இந்தச் சல்லிவன்தான். அந்த நிலத்துக்கெல்லாம் தோதவரே உரியவர்கள், அவர்களுக்கு ஈடு தராமல் ராஜாங்கம் அதனைத் தொடக்கூடாது என்று பிற்காலத்தில் மேலிடத்தோடு வழக்காடியவரும் அவர்தான். ஒரே மனிதரிடத்தில் இவ்விரண்டும் இருந்தன என்பதைச் சரித்திரம் எழுதுவோர் மறைக்கலாகாது. இரண்டாவதற்காக முதலாவதை மன்னித்துவிடவும் தேவையில்லை. எப்படியாயினும் அவருடைய வழக்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தோதவர் குடியிருப்புகளான மந்துகளைச் சுற்றியிருந்த புல்வெளி துரைமார்களின் வேட்டைக் களமாகவும் பங்களா மனைகளாகவும் மாறிற்று.

1834-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு உடல்நலம் கருதி இங்கே வந்து தங்கியிருந்தபோது, புதிதாகக் கப்பலிறங்கிய மெக்காலே சென்னையிலிருந்து பல்லக்கிலேயே மலையேறி வந்து அவரைக் கண்டார். இந்தியாவின் சட்டங்களையும் கல்வியையும் திருத்தியமைக்கப் போகிறவர் இந்த தேசத்தை முதன்முதலில் சந்தித்த வாரங்களின் பெரும்பகுதி, இங்கிலாந்தின் சாயலை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த மேட்டிலே கழிந்தது. 1870-க்குப் பின்னர்க் கவர்னர், அவருடைய ஆலோசனைச் சபையார், காரியதரிசிகள், கோப்புகள், குமாஸ்தாக்கள் எல்லாரும் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் உதகைக்குப் பெயர்வது ஒரு நிலையான ஏற்பாடாயிற்று. பக்கிங்ஹாம் கோமகன் தம் கவர்னர் காலத்தில் ஒரு மாளிகை எழுப்பினார். சல்லிவனின் கல் வீடு காரியாலயமாயிற்று. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ரயில் வந்தது. தஞ்சாவூரிலோ, கடப்பையிலோ, கஞ்சத்திலோ ஒருவன் ராஜாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினால், அது வெயிலில் உலர்ந்த சமவெளியைக் கடந்து, பனிமூட்டத்துக்குள் நுழைந்து, கணப்புக்கு அருகே உட்கார்ந்திருந்த ஒருவர் கையிலே போய்ச் சேர்ந்தது. இவ்வேற்பாட்டின் செலவைக் குறித்துச் சென்னைப் பத்திரிகைகள் வருஷந்தோறும் முறையிட்டன, பயனில்லை. செலவைக் காட்டிலும் பெரிய கேடு, வெப்பமும் புழுக்கமும் தம் பிரஜைகளுக்கு உரியவை, தமக்கு உரியவை அல்ல என்ற நினைவை ஆட்சியாளரின் உள்ளத்தில் அது ஊன்றியது என்பதாகும்.

இப்படிப்பட்ட மலைக்கு ராஜாங்கம் யாரை அனுப்பியது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1847-இல் லண்டனில் பிறந்து, அங்கே தொழிலாளர்க்காகவும் பெண்களுக்காகவும் வாதாடிப் பேரெடுத்து, 1893-இல் இந்தியாவுக்கு வந்து, 1907-இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவரான அம்மையார், அரசியலில் முழுமையாக இறங்கியது 1914-இல்தான். அவ்வாண்டு ஜனவரியில் ‘காமன்வீல்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சில மாதங்களில் ஒரு பழைய சென்னைத் தினசரியை விலைக்கு வாங்கி, அதற்கு ‘நியூ இந்தியா’ என்று பெயரிட்டார். 1916 மே மாதத்தில் அச்சுச் சட்டத்தின்படி அப்பத்திரிகையிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்கப்பட்டது. ஆகஸ்டில் அது பறிமுதலாயிற்று. 10,000 ரூபாய் புதிய ஜாமீன் விதிக்கப்பட்டது. அதையும் கட்டிவிட்டு, செப்டம்பரில் ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். அருண்டேல் அதன் அமைப்புக் காரியதரிசி. திலகர் அதற்குச் சில மாதங்கள் முன்பே மஹாராஷ்டிரத்தில் தம் லீக்கை நிறுவியிருந்தார். பம்பாய் ராஜாங்கம் அம்மையாரைத் தன் எல்லைக்குள் வரக்கூடாதென்று தடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் லக்ஷ்மணபுரியில் (லக்னோவில்) காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் உடன்பாடு செய்துகொண்டபோது, தேசம் ஒரே குரலில் ஒன்றைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்பது ராஜாங்கத்துக்குப் புரிந்தது. 1917 மே மாதத்தில் மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. விரைவில் சுய ஆட்சி கிட்டும் என்ற நினைப்பையே மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள் என்னும் கருத்துப்படக் கவர்னர் சட்டசபையில் பேசினார். ஜூனில் உத்தரவு பிறந்தது.

உதகையில் அம்மையார் தங்கியது ‘குலிஸ்தான்’ என்னும் வீட்டில். பாரசீகத்தில் அச்சொல்லுக்குப் பூந்தோட்டம் என்பது பொருள். பிரம்மஞான சபையின் முதல் தலைவரான கர்னல் ஆல்காட் 1888-இல் தம் முதுமைக்கென்று கட்டிக்கொண்ட குடில் அது. அச்சபைக்கும் இம்மலைக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு: 1883-இல், அச்சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் உதகைக்கு வந்து தங்கினார், பின்னர் நீலகிரியின் தோதவரைப் பற்றியும் குறும்பரைப் பற்றியும் ருஷ்ய மொழியில் எழுதினார். அவர் ருஷ்ய ஒற்றர் என்ற சந்தேகத்தினால் போலீஸார் அவரையும் ஆல்காட்டையும் பின்தொடர்ந்திருந்தனர். அந்தக் கண்காணிப்பை நீக்கும்படி ஆல்காட் முறையிட்டதும் உதகையில் வீற்றிருந்த ராஜாங்கத்திடமே. 34 ஆண்டுகளுக்குப் பின் அதே சபையின் இரண்டாவது தலைவர், அதே ஊரில், அதே ராஜாங்கத்தின் காவலில் இருந்தார்.

அவர் சிறையில் வாடவில்லை. அதை மிகைப்படுத்திச் சொல்வது அவருக்கே பிடித்திராது. வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, இரண்டு நண்பர்கள் உடனிருந்தார்கள். ஆனால் நாற்பது ஆண்டுக் காலம் நாவையும் பேனாவையும் கொண்டே வாழ்ந்த ஒருவருக்கு அவ்விரண்டையும் விலக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டன. தென்மேற்குப் பருவமழை மலையை மூடியிருந்த மாதங்கள் அவை. ஈரக்குளிரும் மனச்சோர்வும் சேர்ந்து அந்த முதிய உடலைத் தளர்த்தின. பேசக்கூடாது, எழுதக்கூடாது என்று உத்தரவிட்டவர்கள் கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. குலிஸ்தான் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, சிவப்பும் பச்சையுமான ஹோம் ரூல் கொடியை அம்மையார் ஏற்றிவைத்தார். கவர்னரின் மாளிகையில் பிரிட்டிஷ் கொடி பறந்த அதே ஊரில், ஒரு சொல்லும் எழுதாமல், ஒரு சொல்லும் பேசாமல், இக்கொடி காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அவர் வாழ்க்கையில் செய்த ஆயிரக்கணக்கான பிரசங்கங்களுள் ஒன்றுகூட இதைப்போல ஆழப் பதியவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

மலைமேல் உண்டான மௌனம் சமவெளியில் பேரொலியாயிற்று. அதுவரை ஹோம் ரூல் லீக்கிலிருந்து விலகியிருந்த மிதவாதிகள் பலர் அதில் சேர்ந்தனர். பம்பாயில் ஜின்னா லீக்கில் சேர்ந்து அவ்வூர்க் கிளையின் தலைமையை ஏற்றார்; அலகாபாத்தில் மோதிலால் நேரு முன்வந்தார். சென்னையில் முதிர்ந்த வயதினரும், ஹைகோர்ட்டு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவரும், பட்டங்கள் பல தாங்கியவருமான ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர், ஜூன் 24-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தியாவின் நிலையை எடுத்துரைத்து, அதனை ஓர் அமெரிக்கத் தம்பதியர் கையில் கொடுத்தனுப்பினார். கடிதம் பின்னர் வெளியாகி, இந்தியா மந்திரி அவரைக் கடிந்துரைத்தபோது, மயிலாப்பூர் முதியவர் தம் பட்டங்களைத் திருப்பிவிட்டார். நம் நாட்டில் பட்டத்தைப் பெறுவதற்கு எவ்வளவு பேர் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கே இச்செயலின் பெருமை விளங்கும்.

அவ்வேளையில் காந்தியடிகள் சம்பாரணில் அவுரித் தோட்டக் குடியானவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்து முடித்திருந்தார். அவர் ஒரு யோசனை சொன்னார்: உத்தரவை மீறி, அம்மையார் காவலில் இருக்கும் இடத்துக்கே பாதயாத்திரையாகச் செல்லச் சித்தமாயிருக்கும் ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டும் என்பது. சங்கர்லால் பாங்கரும் ஜம்னாதாஸ் துவாரகாதாஸும் கையொப்பங்களைச் சேகரித்தனர். மேல்நாட்டு மேடைப்பேச்சும் பத்திரிகைத் தலையங்கமுமாக நடந்துவந்த ஒரு கிளர்ச்சியைக் கால்நடைப் பயணமாக மாற்றிப் பார்த்த கண் அது. பம்பாயிலிருந்து புறப்பட்டு, தக்காணத்தைக் கடந்து, மேட்டுப்பாளையத்தின் பாக்குத் தோப்புகள் வழியே அந்த ஆயிரம் பேர் கல்லாற்றுப் பாதையில் மலையேறியிருந்தால், தண்டி யாத்திரைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே நீலகிரி நம் சரித்திரத்தில் வேறோர் இடத்தைப் பெற்றிருக்கும். காங்கிரஸ் கமிட்டிகளும் சாத்விக எதிர்ப்பைப் பற்றி ஆலோசித்தன. ஆகஸ்டில் சென்னை மாகாணக் கமிட்டி அதற்கு ஆதரவாகவே தீர்மானித்தது.

யாத்திரை நடக்கவில்லை, நடக்க வேண்டிய அவசியம் ஏற்படாதபடி லண்டன் முந்திக்கொண்டது. ஜூலையில் இந்தியா மந்திரியாகப் பதவியேற்ற மாண்டேகு, ஆகஸ்டு 20-ஆம் தேதி, இந்தியாவில் பொறுப்பாட்சியைப் படிப்படியாக உண்டாக்குவதே பிரிட்டிஷ் ராஜாங்கத்தின் கொள்கை என்று பிரகடனம் செய்தார். உடல் நலிந்த அம்மையார் கோயம்புத்தூருக்கு இறங்க அனுமதிக்கப்பட்டார். செப்டம்பரில் மூவரும் விடுதலை பெற்றனர். டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் அவர் அமர்ந்தார். அப்பீடத்தில் ஒரு பெண் அமர்ந்தது அதுவே முதல் தடவை. பிரகடனத்துக்கு யுத்தம், மெஸபொடேமியாவில் நேர்ந்த தோல்வி, லக்ஷ்மணபுரி உடன்பாடு ஆகிய காரணங்கள் முன்பே திரண்டிருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் காலத்தைத் தீர்மானித்தது குலிஸ்தான்தான் என்பதற்கு மாண்டேகுவே ஒருவகையில் சாட்சி: சிவபெருமான் தம் மனைவியைப் பல துண்டுகளாக வெட்டியதும் அத்தனை மனைவியர் தோன்றிவிட்டதாக ஒரு கதையைத் தம் நாட்குறிப்பில் குறித்து, அம்மையாரைக் காவலில் வைத்த ராஜாங்கத்துக்கு நேர்ந்தது அதுதான் என்று அவர் எழுதிவைத்தார். தாட்சாயணியின் புராணம் அவர் காதில் சற்றுத் திரிந்து விழுந்திருக்கிறது. ஆனால் பொருள் திரியவில்லை.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் இது பாதிச் சரித்திரமே ஆகும். அம்மையாரின் விடுதலைக்காகத் தமிழ்நாடு முழுவதும் ஒருமனப்பட்டு நின்றது என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. 1916 நவம்பரில் தியாகராய செட்டியாரும் டாக்டர் டி. எம். நாயரும் பிறரும் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்து, அடுத்த மாதமே பிராமணரல்லாதார் அறிக்கையை வெளியிட்டிருந்தனர். 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. உத்தியோகத்திலும் கல்வியிலும் சிலரே ஓங்கியிருக்கும் நாட்டில், சுய ஆட்சி என்பது யாருடைய ஆட்சியாக முடியும் என்று அவர்கள் கேட்டார்கள். அம்மையாரை நாயர் கண்டித்த கடுமை சில வேளைகளில் அளவு கடந்தது. ஆனால் கேள்வி அளவு கடந்ததன்று. உதகையில் ஏறியிருந்த கொடிக்கு அது ஒரு பதிலை வேண்டிநின்றது. அப்பதிலைச் சொல்ல இந்த நாடு பின்னும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

கேட்க வேண்டிய வேறொரு கேள்வி குலிஸ்தானின் வேலிக்கு வெளியே, அம்மலைச் சரிவுகளிலேயே கிடந்தது. குன்னூரையும் கோத்தகிரியையும் சுற்றித் தேயிலையும் காப்பியும் பரவியிருந்தன. மைசூர்ச் சீமையிலிருந்தும் சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களிலிருந்தும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த ஆண்களும் பெண்களும், லயங்களில் அடைந்து கிடந்து, விடிகாலைப் பனியில் கொழுந்து பறித்தனர். முன்பணத்தை வேலையினால் தீர்க்காமல் தோட்டத்தைவிட்டு ஓடிவிட்டால், கடன் வழக்காக அது கருதப்படவில்லை. குற்றமாகவே கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்டது. 1903-ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்த அதிகாரத்துக்கு உறுதி தந்தது. ஒரு மலையில் இருவகைக் காவல் இருந்தது: ஒன்றை லண்டன் பார்லிமெண்டில் விவாதித்தார்கள், மற்றதை ஒருவரும் காவல் என்றே அழைக்கவில்லை. அம்மையாரின் கடிதங்களை எடுத்துச் சென்ற தபால்காரன் நடந்த பாதையில்தான் கொழுந்துக் கூடைகளும் போயின.

ஆனால் அந்த வீட்டிலிருந்த மூவருள் ஒருவர் இதனை எங்கோ உணர்ந்திருக்க வேண்டும் என்று நான் நம்ப விரும்புகிறேன். பம்பாய்ப் பார்ஸி வணிகர் குடும்பத்தில் பிறந்து, ‘நியூ இந்தியா’வின் வேலைகளில் அம்மையாருக்குத் துணையிருந்த பஹ்மன் பெஸ்டன்ஜி வாடியா, மலையிலிருந்து இறங்கி எட்டாவது மாதத்தில், 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி, பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் தலைவரானார். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அவரைத் தேடிச் சென்று அழைத்துவந்தவர்கள், திரு. வி. கலியாணசுந்தரனார் அவருடைய ஆங்கிலப் பேச்சைத் தமிழாக்கியும் தாமே பேசியும் உடன் நின்றார். சாப்பாட்டுக்கு ஆலையில் விடப்பட்ட இடைவேளை போதவில்லை என்ற குறையே அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட குறைகளுள் ஒன்று. சுயராஜ்யம் என்ற பெரிய சொல், ஒரு நெசவுத் தொழிலாளி ஆறுதலாக உட்கார்ந்து சோறு உண்ணும் சில நிமிஷங்களாக அங்கே உருமாறியது. பின்னர் ஆலை முதலாளிகள் தொடுத்த வழக்கில் ஹைகோர்ட்டு சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்ததும், வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலக நேர்ந்ததும், அந்த வழக்கின் எதிரொலியாக 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டதும் தனியே எழுதத்தக்க விஷயங்கள்.

அம்மையாரின் செல்வாக்கு அதன் பின்னர் நெடுநாள் நீடிக்கவில்லை. 1919-இல் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அவர் எதிர்த்தார். சட்டத்தை மீறுவது மக்களை எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. தமக்காகச் சட்டத்தை மீறி மலையேற ஆயிரம் பேர் கையொப்பமிட்டிருந்ததை அவர் அறியாதவர் அல்லர். தேசம் அவரைக் கடந்து சென்றுவிட்டது. 1933 செப்டம்பர் 20-ஆம் தேதி அடையாற்றில் அவர் காலமானார்.

நான்கு மாதங்கள் கழித்து, 1934 ஜனவரி இறுதியில், ஹரிஜன யாத்திரையின் நடுவில், பதினேழு ஆண்டுகளுக்கு முன் அந்த யோசனையைச் சொன்னவர் தாமே நீலகிரிக்கு ஏறி வந்தார். குன்னூரில் தங்கினார். பீகாரில் பூகம்பம் நிகழ்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. அது தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்று திருநெல்வேலியில் அவர் பேசியதும், அதை ரவீந்திரநாத் தாகூர் மறுத்து எழுதியதும் அந்த நாட்களில்தான். குன்னூரிலும், கோத்தகிரியிலும், உதகையிலும் அவர் கூட்டங்களில் பேசினார். கவர்னர்களைப் பற்றியும் கோடைத் தலைநகரைப் பற்றியும் பேசுவதற்காக அவர் வரவில்லை. எவரையும் தொடக்கூடாதவர் என்று ஒதுக்காதீர்கள் என்று கேட்டார். கூடியிருந்தவர்களிடம் ஹரிஜன நிதிக்குக் கை நீட்டினார். பின்னர் அதே மலைப்பாதையில் சமவெளிக்கு இறங்கினார்.